ஒரு கியர் பெட்டியும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும்



பாடநூல், தேர்வு, வகுப்பறை என்றே எழுதிவரும் இப்பக்கத்தில் இன்று ஒரு பழைய மகிழுந்தைப் பற்றி எழுதப்போகிறேன். 'வாத்தியாருக்கு என்ன ஆயிற்று?' என்று எண்ண வேண்டாம். இறுதியில் வகுப்பறைக்கே வந்து சேர்ந்துவிடுவேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கலைச்சொல் அகராதியைப் பார்த்தால் 'பல்லிணைப் பெட்டி' என்று இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால், பட்டறைக்குப் போய் 'பல்லிணைப் பெட்டியில் கோளாறு' என்றால் நம்மைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆகவே இக்கட்டுரையில் கியர் பெட்டி என்றே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க!

எங்கள் வீட்டில் ஒரு மோரிஸ் மைனர் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வண்டி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த என் அப்பா, 1974-இல் பெரிய கிராணியாரிடமிருந்து அதை வாங்கினார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் துரையிடமும் கிராணியாரிடமும்தான் காடி இருக்கும். வாத்தியாரிடம் காடி வந்தது தோட்டமே பேசிய செய்தி என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு அறிமுகமான வண்டி இது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 1959-இல் புகழ்பெற்ற 'மினி'யை உருவாக்கியவரும் அவரே. 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு மில்லியனாவது மைனர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பிரிட்டனில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் வண்டி அதுதான். 1971-இல் தயாரிப்பு நின்றுபோனது. மலாயாவின் செம்மண் சாலைகளில் இந்த வண்டி ஓடாத தோட்டம் குறைவு. அதன் உருண்டை முகப்பைப் பார்த்தாலே பழைய ஆசிரியர்கள் பலருக்கு ஒரு பெருமூச்சு வரும்.

அப்பாவுக்கு இப்போது வயது 87. ஐந்தாறு ஆண்டுகளாகவே அவர் வண்டி ஓட்டுவதில்லை. நினைவும் தடுமாறத் தொடங்கிவிட்டது. காலையில் பசியாறியதை மறந்து மறுபடியும் கேட்பார். பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மாறிவிடும். மருத்துவமனையில், "வயதானால் இப்படித்தான், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அப்படி ஒரு நாள், கொட்டகையில் நின்றிருந்த வண்டியைத் தடவிக்கொண்டே, "இதில் ஒரு தடவை தெலுக் அன்சன் போய்வர வேண்டும், தம்பி" என்றார். தெலுக் அன்சன், தெலுக் இந்தான் ஆனது 1982-இல். அப்பாவுக்கு அது இன்னமும் தெலுக் அன்சன்தான்.

அந்த ஒரு சொல்லுக்காக வண்டியைச் சரிசெய்வதென்று முடிவு செய்தேன். "அதை இரும்புக்குப் போட்டுவிடலாம், அண்ணா" என்று தம்பி சொன்னான். நான் கேட்கவில்லை.

ஈப்போவில் ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டிய போமன். இளமையில் தோட்டத்து லாரிகளைப் பழுதுபார்த்தவர் என்பதால் தமிழ் ஓரளவு பேசுவார். என்னைச் 'சிக்கு' என்றுதான் அழைப்பார். நான் அவரைத் 'தௌக்கே' என்பேன். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்:

"சிக்கு, ஒன்று, இரண்டு, மூன்று கியரில் 'ஊ' என்று கத்துகிறது. நான்கில் போட்டால் சத்தம் அடங்கிவிடுகிறது. கவனித்தீர்களா?"

நான் கவனிக்கவில்லை. அவர் விளக்கினார். கியர் பெட்டிக்குள் மேலே ஒரு முதன்மைத் தண்டு, கீழே ஒரு துணைத் தண்டு. முதல் மூன்று கியர்களிலும் விசை கீழே இறங்கித் துணைத் தண்டின் பற்சக்கரங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் பின்சக்கரங்களுக்குப் போகிறது. நான்காவது கியரில் மட்டும் நேராகப் போய்விடுகிறது. ஆகவே, நான்கில் சத்தம் அடங்கினால் நோய் துணைத் தண்டில்தான். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல அவர் இதைச் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது.

இன்னொரு கோளாறும் இருந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது 'கறக்' என்று பல்லைக் கடிக்கும். கியர் மாறும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று இணைய வேண்டும். நம் பள்ளி விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டம் நடக்கும் அல்லவா? கோலை வாங்குகிறவன் நின்றுகொண்டே கை நீட்டினால் கோல் கீழே விழும். கொடுப்பவனின் வேகத்துக்கு அவனும் ஓடத் தொடங்கினால்தான் கைமாறும். கியர் பெட்டிக்குள் அந்த வேலையைச் செய்வது பித்தளை நிறத்தில் உள்ள ஒரு சிறு வளையம். உரசி உரசி இரண்டு வேகங்களையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் இணைய விடும். அது தேய்ந்தால் பற்கள் மோதிக்கொள்ளும்.

மைனரில் இந்த ஏற்பாடு இரண்டு, மூன்று, நான்காவது கியர்களுக்கு மட்டுமே உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. அதனால்தான் அப்பா, வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியரைப் போடுவார். ஓட்டத்திலேயே போட வேண்டிய அவசியம் வந்தால், கிளட்சை இரண்டு முறை மிதித்து, இடையில் என்ஜின் வேகத்தைச் சற்றே கூட்டிச் சத்தமில்லாமல் போடுவார். அது ஒரு கலை!

"முதலில் பெட்டியை இறக்கிப் பார்ப்போம். பிறகு சாமான் தேடலாம்" என்றார் தௌக்கே.

இங்கேதான் நான் தவறு செய்தேன். பள்ளி விடுமுறை முடிய மூன்று வாரங்களே இருந்தன. பெட்டியை இறக்கிய பிறகு சாமானைத் தேடினால் விடுமுறை போய்விடும் என்று எனக்கு அவசரம். 'இறக்கித்தான் பார்க்க வேண்டுமா? பதிவு அட்டையில்தான் எல்லாம் இருக்கிறதே! 1961, மோரிஸ் மைனர் 1000, 948 சி.சி.' என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

தேடல் தொடங்கியது. கிள்ளான் பக்கமுள்ள ஹாஃப்கட் கடைகளுக்குப் போனேன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டப்பட்டு வரும் டொயோட்டாவும் நிசானும் மலைபோல் குவிந்து கிடந்தன. மோரிஸ் என்றதும் ஓர் இளைஞர், "அது என்ன கம்பெனி?" என்று கேட்டார். பழைய இரும்புக் கடைகளில் தேடினேன். ஒரு மைனரின் கதவு கிடைத்தது. கியர் பெட்டி இல்லை. இலங்கையில் மைனர் வண்டிகள் நிறைய ஓடியதும், 1990-களில் அங்கே இவ்வண்டிக்கான உடற்பகுதித் தகடுகளைத் தயாரித்து இங்கிலாந்துக்கே அனுப்பியதும் நினைவுக்கு வந்தன. ஆனால், எனக்கு வேண்டியது தகடு அன்று, பற்சக்கரம்.

கடைசியில் இங்கிலாந்தில் உள்ள ஒரு கடைக்கே எழுதினேன். தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு கடந்தும் அங்கே இதன் உதிரிப்பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். '948 சி.சி. வண்டிக்கான துணைத் தண்டு, ஊசி உருளைத் தாங்கிகள், இரண்டாம் கியர்' என்று பட்டியல் அனுப்பினேன். 'உங்கள் பெட்டியின் வெளிப்புறம் வழவழப்பாக இருக்கிறதா, வரிவரியாக இருக்கிறதா?' என்று கேட்டுப் பதில் வந்தது. நான் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. புத்தகத்தில் 948-க்கு வழவழப்பு என்று போட்டிருந்தது. 'வழவழப்பு' என்று எழுதிவிட்டேன். அஞ்சல் செலவு, வரி எல்லாம் சேர்த்து 1,100 ரிங்கிட்டுக்கு மேல் ஆனது.

சாமான்கள் வந்தன. இருக்கைகளைக் கழற்றி, கம்பளத்தை நீக்கி, பெட்டியை இறக்கினார் தௌக்கே. துணியால் எண்ணெய்க் கறையைத் துடைத்தார். பிறகு ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக் கையசைத்து அழைத்தார். பெட்டியின் முன்பகுதி முழுவதும் விலா எலும்புகளைப் போல வரிகள்!

1962-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மைனருக்கு 1098 சி.சி. என்ஜின் வந்தது. அதன் வலிமைக்கு ஈடுகொடுக்கப் பெரிய கிளட்சையும், வெளியே வரிகள் கொண்ட உறுதியான கியர் பெட்டியையும் வைத்தார்கள். உள்ளே தண்டும் வளையங்களும் வேறு. எங்கள் 1961-ஆம் ஆண்டு வண்டிக்குள் இருந்தது அந்தப் பிந்தைய பெட்டி. நான் வாங்கி வைத்திருந்த எதுவும் பொருந்தாது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கிராணியார் ஏமாற்றிவிட்டாரா? இங்கிலாந்துக் கடைக்காரர் இன்னும் தெளிவாகக் கேட்டிருக்கக் கூடாதா? தௌக்கே மட்டும் சிரித்தார். "என்ஜின் எண் அட்டையில் இருக்கும், சிக்கு. கியர் பெட்டி எண் அட்டையில் இருக்காது. யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். உங்கள் அப்பாவைக் கேட்டீர்களா?"

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. காலையில் பசியாறியதை மறப்பவரிடம் கியர் பெட்டியைப் பற்றி என்ன கேட்பது?

அன்று மாலை வீட்டுக்கு வந்து, ஒப்புக்குத்தான் கேட்டேன். "அப்பா, நம் காடிக்கு எப்போதாவது கியர் பெட்டி மாற்றினீர்களா?"

அப்பா சற்றும் தயங்கவில்லை.

"1978. லங்காப் தாண்டி."

பிறகு விவரமாகச் சொன்னார். தெலுக் அன்சனில் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே பேச்சுப் போட்டி. மாணவர்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பீடோரிலிருந்து கிளம்பியிருக்கிறார். லங்காப் தாண்டியதும் கியர் பெட்டிக்குள் ஏதோ உடைந்து வண்டி நின்றுவிட்டது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெயிலில் நடந்து, வழியில் வந்த பேருந்தில் ஏறி, போட்டி தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நடுவர்களிடம் மன்றாடிப் பேச அனுமதி வாங்கியிருக்கிறார். வண்டியை இழுத்துப்போன பட்டறைக்காரர், விபத்தில் நொறுங்கிய ஒரு பிந்தைய மைனரின் பெட்டியையும் பெரிய கிளட்சையும் அதோடு சேர்ந்த சக்கரத்தையும் எடுத்து மாட்டித் தந்திருக்கிறார். கூலியை ஆறு மாதத் தவணையில் கட்டி முடித்தாராம்.

"வரி போட்ட பெட்டி. பழையதைவிட உறுதி. அதற்கு என்ஜின் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், தம்பி. பின் அச்சுக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயை ஊற்றிவிடாதே, கியர் விழாது" என்றார்.

அந்த ஐந்து பிள்ளைகளின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னார். யாருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது என்பதையும் சொன்னார். கடைசியாக, குற்றம் சொல்லும் குரலில் அல்ல, மிகச் சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்:

"என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

நண்பர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1,100 ரிங்கிட் போனதற்காக அல்ல. எதிரிலேயே அமர்ந்திருக்கும் மனிதரை, நானாகவே ஒரு முடிவுக்கு வந்து, கணக்கிலிருந்து நீக்கிவிட்டேனே என்பதற்காக. மருத்துவமனைக் கோப்பில் 'நினைவுக் குறைவு' என்று எழுதியிருந்தது. நான் அப்பாவைப் படிக்காமல் கோப்பைப் படித்திருக்கிறேன். வண்டியைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்ததும் அதே புத்திதான்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியைப் பிரித்தோம். துணைத் தண்டின் மேல், ஊசி உருளைகள் ஓடும் இடத்தில் அம்மைத் தழும்புபோலக் குழிகள். மூன்று வளையங்களும் தேய்ந்திருந்தன. தௌக்கே வெர்னியரால் ஒவ்வொன்றையும் அளந்தார். பற்களை விரல் வைத்து எண்ணினார். நான் பயிற்றேட்டில் குறித்துக்கொண்டேன். இதே வரிப்பெட்டிக் குடும்பத்தைத்தான் 1098 சி.சி. எம்.ஜி. மிட்ஜெட்டிலும் பயன்படுத்தினார்கள் என்பதால், உள்ளே போகும் பாகங்களுக்கு இன்றும் தேவை இருக்கிறது என்றார். இம்முறை அளவுகளையும் படங்களையும் சேர்த்து அனுப்பினேன். தண்டும் தாங்கிகளும் வளையங்களும் சரியாக வந்து சேர்ந்தன.

முதல் கியரின் பற்களோ முனை சிதைந்து கிடந்தன. ஓடும் வண்டியில் அவசரப்பட்டு முதல் கியரைத் தள்ளினால்தான் இப்படி ஆகுமாம். அதைக் கேட்டபோது எனக்கு முகம் சிவந்தது. நான் இந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினேன். 'நின்ற பிறகு போடு, நின்ற பிறகு போடு' என்று அப்பா சொல்லச் சொல்ல, எத்தனை முறை 'கறக்' என்று தள்ளியிருக்கிறேன்! சிதைந்த சக்கரத்தை அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த ஒரு சக்கரத்துக்காக மட்டும் நான்கு மாதங்கள் ஆயின. கடைசியில் தௌக்கேக்குத் தெரிந்த ஒருவர் தைப்பிங்கில் கிடைத்தார். அவர் பழுதுபார்த்துக் கொண்டிருந்தது 948 சி.சி. மைனர், உண்மையான வழவழப்புப் பெட்டி. அவரிடம் உடைந்த வரிப்பெட்டி ஒன்று இருந்தது. அதில் முதல் கியர் நன்றாக இருந்தது. நான் தவறாக வாங்கிய சாமான்கள் அவருக்குத் தேவைப்பட்டன. கைமாற்றிக்கொண்டோம். என் தவறுக்கும் ஒரு வீடு கிடைத்தது!

இனி வகுப்பறைக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். முந்தைய இரண்டு ஆண்டுகளின் குறிப்பிலும் 'வீட்டுப்பாடம் செய்வதில்லை. அக்கறை இல்லை' என்று எழுதியிருந்தது. நானும் அதையே நம்பி, ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அவளைக் கண்டித்துக்கொண்டே இருந்தேன். கியர் பெட்டி விவகாரம் நடந்த பின்னர் ஒரு நாள், ஓய்வு நேரத்தில் அவளை அருகில் அமர்த்தி, "ஏன்மா செய்வதில்லை?" என்று கேட்டேன். கண்டிப்பதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டேன். வெகுநேரம் தலை குனிந்திருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பழைய பயிற்றேட்டை எடுத்தாள். அக்காவின் ஏடு. பின்பக்கங்களில் மிச்சமிருந்த வெற்றிடங்களில் எல்லா வீட்டுப்பாடமும் செய்யப்பட்டிருந்தது. அட்டையில் அக்காவின் பெயர் இருந்ததால், மற்ற பிள்ளைகளின் ஏடுகளோடு அதை மேசையில் வைக்க அவளுக்கு வெட்கம்.

எல்லா மாணவர்களின் கதையும் இப்படி முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டாலும் பதில் சொல்லாத பிள்ளைகள் உண்டு. உண்மையிலேயே அக்கறை இல்லாத பிள்ளைகளும் உண்டு. கோப்புகள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவை இல்லாமல் பள்ளி நடக்காது. ஆனால், கோப்பை எழுதிய பிறகு அந்தப் பிள்ளைக்குள் என்னென்ன மாறியிருக்கிறது என்பதைக் கோப்பு சொல்லாது. இறக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பு, கேட்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெரியவர்கள் மறக்கிறார்கள் என்பதால் எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய காலை போயிருக்கும், 1978 இருக்கும். அது இருக்கும்போதே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை அப்பாவை முன்னிருக்கையில் அமர்த்தி, பீடோர், லங்காப் வழியாகத் தெலுக் இந்தானுக்குப் போனோம். அப்பா சாலையைப் பார்த்ததைவிடச் சத்தத்தைத்தான் அதிகம் கவனித்தார். மூன்றிலிருந்து இரண்டுக்கு நான் மாற்றியபோது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இரண்டாவது கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. புது வளையம். ஓட ஓடச் சரியாகும்" என்றார். லங்காப் தாண்டியதும் ஓரிடத்தைக் கைகாட்டினார். அங்கே செம்பனையைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போகலாம்" என்றார். வண்டி முழுதாக நின்றிருந்தது. முதல் கியரைப் போட்டேன். சத்தமே இல்லை.

அந்தப் பயணத்தை அப்பா இப்போது மறந்துவிட்டார். "காடி சரியாகிவிட்டதா, தம்பி?" என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது கேட்கிறார். முன்பானால், 'அன்றைக்கே சொன்னேனே, அப்பா' என்று சலித்திருப்பேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப்போய் என்ஜினை முடுக்குகிறேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். அப்புறம் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு புதிய செய்தி கிடைக்கிறது. பயிற்றேட்டில் குறித்துக்கொள்கிறேன். இரண்டாவது ஏடு ஓடிக்கொண்டிருக்கிறது.